இடிப்பதை விடுத்துப் பிரித்தெடுப்போம்

(கோவை மாவட்ட ஊராட்சி ஒன்றியம் ஒன்றில் ஊராட்சிச் செயலர்கள், பணி மேற்பார்வையாளர்கள், மகளிர் குழுவினர், கட்டடத் தொழிலாளர்கள் ஆகியோருக்கென நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற காலந்தொட்டு, வளர்ச்சிப் பணியாளர் கூடும் மேடைகளில் பெரும்பாலும் கட்டுவது பற்றிய பேச்சே கேட்டு வந்திருக்கிறது. பள்ளிக்கூடம், பாலம், கிணறு, சத்துணவுக் கூடம், தொகுப்பு வீடு என்று கட்டிக்கொண்டே வந்திருக்கிறோம். அவ்வாறு முதல் ஐந்தாண்டுத் திட்டங்களில் எழுந்த கட்டடங்கள் பல இன்று வயது முதிர்ந்து நிற்கின்றன. ஓட்டு வீடுகளை எடுத்துவிட்டு மெத்தை வீடு கட்டுவோர் தொகையும் ஊர்தோறும் பெருகி வருகிறது. ஆகவே இன்று நாம் பேசப்புகும் பொருள், கட்டியதை எடுப்பது எவ்வாறு என்பதாகும்.

இதில் என்ன பேச்சு இருக்கிறது, ஒரு பொக்லைன் வண்டியை அழைத்தால் அரை நாளில் முடிந்துவிடாதா என்று சிலர் எண்ணக்கூடும். முடிந்துவிடும் என்பது உண்மைதான். குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை என்பது நம் பழமொழி. ஆனால் அந்த அரை நாழிகையில் நாம் இழப்பது யாது, அவ்விழப்பு எங்கே போய்ச் சேருகிறது என்பதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

முன்னோர் வழக்கம்

கொங்கு நாட்டு வீடுகளை நாம் யாவரும் அறிவோம். தோட்டத்துச் சாளையாயினும் ஊருக்குள் இருக்கும் தொட்டிக்கட்டு வீடாயினும், அவை பிரிப்பதற்கு ஏற்றவாறே கட்டப்பட்டவை. கருங்கல் கடைக்கால், மண் அல்லது சுண்ணாம்புக் காரையில் எழுந்த சுவர், தேக்கிலும் வேங்கையிலும் ஆன உத்திரமும் நிலையும், பனங்கையும் ரீப்பரும் தாங்கும் ஓட்டுக் கூரை ஆகியவையே அவற்றின் உறுப்புகள். இவற்றுள் ஒன்றையொன்று பிரிக்கவொண்ணாதவாறு பற்றிக்கொண்டது எதுவும் இல்லை. ஓட்டைக் கையால் எடுக்கலாம். கைமரத்தை ஆணி நீக்கி இறக்கலாம். சுண்ணாம்புக் காரையில் வைத்த செங்கல், சுத்தியால் மெல்லத் தட்டினால் தூய்மையாகக் கழன்று வரும்.

இதனாலேயே அந்நாளில் வீட்டை எடுப்பது என்றால் பிரிப்பது என்றே பொருள்பட்டது. பாகப்பிரிவினையின்போது வீட்டைப் பிரித்து, மரங்களையும் கற்களையும் பங்காளிகள் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கொரு சிறு வீடு கட்டிக்கொண்ட வழக்கம் நம் பக்கத்தில் இருந்தது. பழைய வீட்டுத் தூண் மாட்டுக் கட்டுத்தரைக்குக் காலாயிற்று. படிக்கல் கிணற்றடியில் துவைகல்லாயிற்று. உடைந்த ஓடு நெல் கொட்டும் களத்தின் அடிப்பரப்பில் சேர்ந்தது. அக்காலத்தார் இதற்குச் சிக்கனம் என்று பெயரிட்டுப் பேசவில்லை. வீட்டுப் பொருள்களைக் கையாளும் முறையே அவர்களிடம் அதுவாக இருந்தது.

மதுக்கரையில் 1934ஆம் ஆண்டு சிமெண்டு ஆலை எழுந்தது. பின்னர்ப் படிப்படியாகச் சிமெண்டுக் காரையும் காங்கிரீட்டுக் கூரையும் ஊர்கள்தோறும் பரவின. அவற்றால் விளைந்த நன்மையை எவரும் மறுக்க இயலாது; தீப்பற்றாத, மழைக்கு ஒழுகாத வீடு ஏழைக்கும் கிடைத்தது அவற்றாலேயே. ஆயினும் சிமெண்டு செங்கல்லைக் கடுமையாகப் பற்றிக்கொள்வதால் பிரிப்பது கடினமாயிற்று. மனையின் விலை ஏறியபோது, விரைவாக இடித்து விரைவாகக் கட்ட வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொண்டது. அந்த அவசரத்தில், பிரிக்கத்தக்க பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைக்கூட வண்டியை விட்டு நொறுக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது.

இடிபாடு எங்கே போகிறது?

வண்டி நொறுக்கிய வீடு ஒரு குவியலாகிறது. அக்குவியலில் ஓடும் செங்கல்லும் மண்ணும் மரமும் மின்கம்பியும் கலந்துவிடுகின்றன. இரும்பை மட்டும் பழைய இரும்பு வியாபாரி பொறுக்கிக்கொள்கிறார். எஞ்சியது இரவோடு இரவாக டிப்பரில் ஏறி ஊருக்கு வெளியே போகிறது. வெளியே என்றால் எங்கே? நம் மாவட்டத்தில் அது பெரும்பாலும் ஒரு பள்ளத்தின் கரையாகவோ, குளத்தின் ஓரமாகவோ, பயன்படாத கிணறாகவோதான் இருக்கிறது.

கோவை மழை குறைந்த நாடு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் நீர், நொய்யலாறும் அதில் சேரும் பள்ளங்களும் கொண்டுவந்து தந்தால்தான் நம் குளங்களுக்கு வாழ்வு. குளம் நிரம்பினால்தான் சுற்றுப்புறக் கிணறுகளில் ஊற்று நிற்கும். பள்ளத்தில் நாலு வண்டி இடிபாடு விழுந்தால் நீர் தன் வழியை மாற்றிக்கொள்கிறது, கரையை அரிக்கிறது, குளத்துக்கு வர வேண்டியது தெருவுக்கு வருகிறது. தூர் வாருவதற்கென ஒரு கையால் செலவழித்துவிட்டு, மறு கையால் அதே குளத்தைத் தூர்ப்பது என்ன நிர்வாகம் என்று மக்கள் நம்மைக் கேட்டால், விடை கூறுவது எளிதன்று.

இடிபாடு போய்ச் சேரும் இடம் ஒருபுறம் இருக்க, புதுக் கட்டடத்துக்கான பொருள் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நகருக்கு வடமேற்கே, மலையடிவாரத்தில் உள்ள தடாகம் பள்ளத்தாக்கை நீங்கள் அறிவீர்கள். சின்னத்தடாகம், நஞ்சுண்டாபுரம், 24 வீரபாண்டி, சோமையம்பாளையம், பன்னிமடை ஆகிய ஊராட்சிகளில் செங்கற்சூளைகள் பெருகி, செம்மண் ஆழ ஆழத் தோண்டப்பட்டு, ஓடைகளும் யானைகளின் வழித்தடமும் சிதைந்தன. உரிய அனுமதியின்றி இயங்கிய 170க்கும் மேற்பட்ட சூளைகள் 2021ஆம் ஆண்டு மூடப்பட்டன. சூளைகளை நம்பியிருந்த தொழிலாளர் பலர் பிழைப்பின்றித் துன்புற்றனர் என்பதும் உண்மை. மண்ணையும் இழந்து வேலையையும் இழந்த அவ்வூர்களை எண்ணிப் பார்த்தால், நல்ல செங்கல் ஒன்றைக் குளத்தில் கொட்டுவது எத்தகைய செயல் என்பது தானே விளங்கும்.

ஒரு சிறு கணக்கு

பேச்சைவிடக் கணக்கு தெளிவானது. 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள ஒற்றை அறையை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவர்களின் மொத்த நீளம் 44 அடி. உயரம் 9 அடி, கனம் 9 அங்குலம் என்றால் சுவரின் கன அளவு ஏறத்தாழ 300 கன அடி, அதாவது 8.4 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கட்டுக்குச் சுமார் 500 செங்கல் என்பது பொறியாளர் வைத்துக்கொள்ளும் கணக்கு. அவ்வாறாயின் 4,200 செங்கல். வாசலுக்கும் ஜன்னலுக்கும் கழித்தால் சுமார் 3,700 நிற்கும். செங்கல் ஒன்று 3 கிலோ என்று கொண்டால், அச்சிறு அறையின் சுவர் மட்டும் 11 டன்.

இவற்றில் பாதிதான் முழுமையாக மீண்டது என்று வைத்துக்கொண்டாலும் 1,800க்குக் குறையாத செங்கல் கிடைக்கும். கூரையைப் பார்த்தால், சீமை ஓடு ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, ஏறத்தாழ 150 வேண்டும். சரிவும் இறவாரமும் சேர்த்து இவ்வறைக்கு இரண்டு சதுரம் கூரை என்றால் 300 ஓடு. இவற்றோடு நிலை, கதவு, ஜன்னல், கைமரம், கடைக்கால் கருங்கல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வீடு கட்டும் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இது கைம்முதலாகும். வண்டியை விட்டு நொறுக்கினாலோ, இதே பொருள் டிராக்டர் டிப்பரில் மூன்று நான்கு நடை குப்பையாகிறது. அதை அகற்றுவதற்கும் நாமே கூலி கொடுக்கிறோம்.

பிறர் கண்ட வழி

பிரித்தெடுத்த பொருளுக்கு மதிப்பு உண்டா என்று ஐயுறுவோர் காரைக்குடிக்குச் சென்று பார்க்கலாம். செட்டிநாட்டு மாளிகைகள் சில கைவிடப்பட்டபோது, அவற்றின் பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைகளும் கதவுகளும் பிரித்தெடுக்கப்பட்டு, அங்குள்ள முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. மாளிகைகள் மறைவது வருந்தத்தக்கதே. ஆயினும் மரம் மண்ணோடு மண்ணாகாமல் மற்றொரு வீட்டைச் சேர்ந்தது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தட்சிணசித்திராவில், செட்டிநாட்டு வீடும் கேரளத்து வீடுகளும் அவை முன்பு நின்ற இடங்களிலிருந்து பிரித்துக் கொணரப்பட்டு, மரபுக் கைவினைஞரால் மீண்டும் எழுப்பப்பட்டிருக்கின்றன. ஒரு வீட்டை முழுமையாகவே பிரித்து வேறிடத்தில் நிறுத்த முடியும் என்பதற்கு அவை கண்கண்ட சான்று.

வெளிநாடுகளிலும் இவ்வறிவு உண்டு. 1945இல் போர் முடிந்தபோது பெர்லின் நகரம் இடிபாட்டு மேடாகக் கிடந்தது. அந்நகரப் பெண்கள் கையில் சுத்தியுடன் வரிசையாக நின்று, செங்கல் செங்கல்லாகக் காரை நீக்கி அடுக்கினார்கள். அச்செங்கல் நகரை மீண்டும் கட்ட உதவியது. அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரம், 1916ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ கட்டிய வீடுகளை எடுப்பதாயின் கையால் பிரித்தே எடுக்க வேண்டும் என்று 2016இல் சட்டம் செய்தது. பின்னர் 2020இல் அந்த எல்லையை 1940ஆம் ஆண்டு வரை நீட்டியது. செல்வம் மிகுந்த நாட்டவரே இவ்வாறு செய்யும்போது நாம் தயங்குவது முறையாகாது.

பிரிக்கும் முறை

கட்டடத்தைப் பிரிப்பதற்கு விதி ஒன்றே: கடைசியில் வைத்ததை முதலில் எடுக்க வேண்டும். கட்டிய கொத்தனாருக்கே இம்முறை நன்கு விளங்கும்.

முதலாவதாக மின் இணைப்பையும் தண்ணீர்க் குழாயையும் உரியவரைக் கொண்டு துண்டிக்க வேண்டும். இரண்டாவதாகக் கதவு, ஜன்னல், அலமாரிப் பலகை, சுவிட்சுப் பெட்டி ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். மூன்றாவதாக ஓடு. முகட்டிலிருந்து தொடங்கி இருபுறமும் சமமாக இறக்கி, கையோடு கை மாற்றிக் கீழே கொணர்ந்து, படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி வரிசையாக அடுக்க வேண்டும். நான்காவதாக ரீப்பர், கைமரம், உத்திரம். ஆணிகளை அன்றன்றே பிடுங்கிவிட வேண்டும். ஆணியோடு கிடக்கும் மரம் காலைக் குத்தும், இழைப்புளியையும் கெடுக்கும். மரத்தைத் தரையில் கிடத்தாமல் கல்லின் மேல் நிழலில் அடுக்கினால் கறையான் அணுகாது.

ஐந்தாவதாகச் சுவர். மேலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்து வர வேண்டும். எடுத்த செங்கல்லை அங்கேயே காரை நீக்கி, முழுக்கல், அரைக்கல், சல்லி என்று மூன்றாகப் பிரித்து வைக்க வேண்டும். இறுதியாகக் கடைக்கால் கல்லைப் பெயர்க்க வேண்டும்.

பழைய செங்கல்லைச் சோதிக்கவும் எளிய வழி உண்டு. இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென ஒலிக்க வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து மண்தரையில் போட்டால் உடையலாகாது. நகத்தால் கீறினால் பொடி உதிரலாகாது. உப்புப் பூத்த கல்லைத் தள்ளிவிட வேண்டும். தேறிய கல்லையும் நன்கு நீரில் ஊறவைத்த பின்னரே கட்டுக்கு எடுக்க வேண்டும்.

காங்கிரீட்டுக் கூரையுள்ள கட்டடங்களுக்கு இம்முறை முழுமையும் பொருந்தாது. அங்கே கதவு, ஜன்னல், தரைக்கல் முதலியவற்றைக் கையால் எடுத்த பின்னர், கூரையை உடைக்க இயந்திரம் வேண்டியதாகலாம். அதில் குற்றமில்லை. உடைத்த காங்கிரீட்டை மண்ணோடும் செங்கல்லோடும் கலவாமல் தனியே வைத்தால் போதும். அதற்கும் பயன் உண்டு. கம்பியைப் பற்றி மட்டும் ஒரு சொல். வளைந்து நிமிர்த்திய பழைய கம்பியைப் புதுக் கூரைக்குள் வைக்கவே கூடாது. அது உருக்காலைக்குப் போக வேண்டிய பொருள்.

உயிர் காப்பதே முதற்கடமை

2019ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலையில், பெருமழையில் மேட்டுப்பாளையம் நடூரில் மதிற்சுவர் ஒன்று சரிந்து, உறக்கத்திலிருந்த 17 பேர் உயிரிழந்ததை நம் மாவட்டம் மறக்கவியலாது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் மாண்டபின், மாநிலமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து அகற்றும் பணி மேற்கொள்ளப்பட்டது. ஆகவே நிற்கத் தகுதியற்றதை நிறுத்தி வையுங்கள் என்று நாம் ஒருபோதும் சொல்லவில்லை. எடுக்க வேண்டியதைக் காலந்தாழ்த்தாது எடுக்கவே வேண்டும். எடுப்பதை முறையாகச் செய்ய வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

நனைந்த சுவர் தன் எடையைத் தானே தாங்காது. தை முதல் பங்குனி வரையிலான காய்ந்த பருவமே பிரிப்பதற்கு உகந்தது. சுவரின் அடியைப் பறித்து மொத்தமாகச் சாய்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது பல உயிர்களைக் குடித்த பழக்கம், உடனே கைவிடத்தக்கது. ஒருவர் மேலே வேலை செய்கையில் அதற்கு நேர்கீழே மற்றொருவர் நிற்கலாகாது. தூசு எழாதிருக்க நீர் தெளிக்க வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். தலைக்கவசமும் காலணியும் கொத்தனாருக்கு மட்டுமல்ல, கல் சுமக்கும் சித்தாளுக்கும் உரியவை.

ஆஸ்பெஸ்டாஸ் அட்டை வேய்ந்த கூரையில் இன்னும் மிகுந்த கவனம் வேண்டும். அவ்வட்டையை உடைத்தால் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய இழைகள் காற்றில் பரந்து நுரையீரலைக் கெடுக்கின்றன. நோய் பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். ஆகவே அட்டையை நனைத்து, முழுதாகக் கழற்றி, உடைக்காமல் இறக்கித் தனியே வைக்க வேண்டும். அதைச் சல்லியோடு சேர்ப்பதோ, குழந்தைகள் விளையாடும் இடத்தில் போடுவதோ கூடவே கூடாது.

இவ்வேலை செய்வோர் 1994இல் அமைக்கப்பெற்ற தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொண்டிருக்கிறார்களா என்பதை, வேலை தொடங்குமுன்னரே ஊராட்சிச் செயலர்கள் கேட்டறிய வேண்டும். விபத்து நேர்ந்தபின் கேட்பதால் பயனில்லை.

எதை எதற்குப் பயன்படுத்தலாம்?

முழுச் செங்கல்லை உட்சுவருக்கும் கைப்பிடிச் சுவருக்கும் கட்டுத்தரைக்கும் பயன்படுத்தலாம். கழிப்பறைக் குழிக்கு இடைவெளி விட்டு அடுக்கும் சுற்றுக்கட்டுக்கும் அது ஏற்றது. அரைக்கல்லும் சல்லியும் கழிவுநீர் உறிஞ்சு குழிகளை நிரப்ப உதவும். செங்கற்பொடியைச் சுண்ணாம்போடு சேர்த்து அரைத்தால் சுருக்கிக் காரையாகும். 1895இல் கட்டி முடிக்கப்பெற்ற முல்லைப்பெரியாறு அணை சுண்ணாம்பும் சுருக்கியும் கொண்டு எழுந்தது என்பதை நினைவிற்கொண்டால், செங்கற்பொடியைக் குப்பையென எவரும் தள்ளமாட்டார்.

உடைத்த காங்கிரீட்டைப் பற்றி 2016ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 383 தெளிவாகக் கூறுகிறது. முறையாக நொறுக்கிச் சலித்த சல்லியை, தரைக்கு அடியிலிடும் மெலிந்த காங்கிரீட்டுக்கு முழு அளவிலும், கம்பியில்லாக் காங்கிரீட்டுக்கு 25 விழுக்காடு வரையிலும், எம் 25 வரையிலான கம்பிக் காங்கிரீட்டுக்கு 20 விழுக்காடு வரையிலும் சேர்க்கலாம். சோதிக்காததைத் தோட்டத்துப் பாதைக்கும் தரை நிரப்பவும் இடலாம்.

வீட்டு வசதித் திட்டங்களிலும் இதற்கு இடமுண்டு. 2024ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில், 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட்டுக் கூரையும், எஞ்சிய 60 சதுர அடிக்குத் தீப்பற்றாத வேறு கூரையும் அமையலாம் என வகுக்கப்பட்டது. அந்த 60 சதுர அடிக்கு வேண்டிய ஓடு ஏறத்தாழ 90 தான். பழைய வீட்டுக் கூரையே அதைத் தந்துவிடும். 2025-26ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 2000-01ஆம் ஆண்டுக்கு முன்னர் அரசுத் திட்டங்களில் கட்டிச் சீர்செய்யவியலாத நிலையிலுள்ள வீடுகளுக்கு மாற்றாக 25,000 புதிய வீடுகள் அறிவிக்கப்பட்டன. மாற்று வீடு என்றால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் எடுக்க வேண்டிய பழைய வீடு ஒன்று உண்டு. அதன் பொருள் பயனாளியின் கைக்கு வருமா, பள்ளத்துக்குப் போகுமா என்பது பணி மேற்பார்வையாளர் அன்று சொல்லும் ஒரு சொல்லில் இருக்கிறது.

சட்டமும் நம் கடமையும்

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 15 கோடி டன் கட்டட இடிபாடு சேருகிறது என்பது மதிப்பீடு. இதை ஒழுங்குபடுத்த 2016இல் மத்திய அரசு விதிகளை வெளியிட்டது. நாளொன்றுக்கு 20 டன்னுக்கு மேலோ, ஒரு பணியில் மாதத்துக்கு 300 டன்னுக்கு மேலோ இடிபாடு உண்டாக்குவோர், அதைக் காங்கிரீட்டு, மண், இரும்பு மரம் பிளாஸ்டிக்கு, செங்கல் காரை என நால்வகையாகப் பிரிக்க வேண்டும் என அவை கூறின. 2025இல் வெளியான புதிய விதிகள், 2026 ஏப்ரல் 1ஆம் நாளை நடைமுறைத் தேதியாகக் கொண்டு, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடங்களை எழுப்புவோர்மீது கூடுதல் பொறுப்பைச் சுமத்தின.

நம் ஊர்களின் ஓட்டு வீடும் சத்துணவுக் கூடமும் இவ்வளவுகளுக்கு எவ்வளவோ கீழே நிற்பவை. பெருங்கட்டடங்களுக்குச் சட்டம் வழி சொல்கிறது. சிறு கட்டடங்களுக்கு ஊரார்தாம் வழி கண்டுகொள்ள வேண்டும். ஆனால் ஊருக்குள் எழும் கட்டடங்களில் மிகப் பெரும்பாலானவை சிறியவையே. ஆகவே மூன்று செயல்களை உங்கள்முன் வைக்க விழைகிறோம்.

முதலாவது, பொதுக் கட்டடங்களை ஏலம் விடும் முறை. பொறியாளரின் சான்றும் உரிய ஆணையும் பெற்று ஏலம் விடுகையில், தொகையை மட்டும் பார்ப்பதோடு அமையாமல், ஏல அறிவிப்பிலேயே நிபந்தனைகளைத் தெளிவாக எழுத வேண்டும். மேலிருந்து முறையே பிரிக்க வேண்டும். இடிபாட்டை எங்கே கொண்டு செல்வது என்பதை முன்னரே எழுதித் தர வேண்டும். நீர்நிலையில் கொட்டினால் வைப்புத்தொகை திரும்பாது. கருங்கல்லும் சல்லியும் ஊராட்சிப் பணிக்கென ஒதுக்கப்படும். இந்த நான்கு வரிகள் ஏலத்தாளில் இருந்தால் ஏலம் எடுப்பவரே வண்டியை நிறுத்திவிட்டு ஆட்களை அழைப்பார்.

இரண்டாவது, பொருட்கிடங்கு. ஊராட்சிக்கு உரிய, நீர்நிலையோ மேய்ச்சல் நிலமோ அல்லாத சிறு மனை ஒன்றை வேலியிட்டு, ஓடு, செங்கல், மரம், கல் ஆகியவற்றைத் தனித்தனியே அடுக்கி வைக்கலாம். நகரில் பழைய கதவு ஜன்னல் விற்கும் கடைகள் காலங்காலமாக இலாபத்தில் நடக்கின்றன. அதையே ஊரில் ஒரு மகளிர் குழு ஏற்று நடத்தினால், காரை நீக்கும் வேலைக்குக் கூலியும் உண்டு, விற்பனையில் வருவாயும் உண்டு. கணக்கு ஏடு ஒன்றும் நிலையான விலைப்பலகை ஒன்றும் இருத்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, புதிதாகக் கட்டுவதையே பின்னாளில் பிரிக்கத்தக்கவாறு கட்டுவது. சுமை தாங்காத சுவருக்கு வேண்டுமளவுக்கு மேல் சிமெண்டு சேர்ப்பதால் செலவு கூடுவதன்றி வேறு பயன் இல்லை. மரச்சட்டத்தில் ஆணிக்கு மாற்றாகத் திருகாணி இடலாம். மின்கம்பியைச் சுவருக்குள் புதைக்காமல் மேலாகக் குழாயில் கொண்டு சென்றால் பழுதுபார்ப்பதும் எளிது, பிரிப்பதும் எளிது.

தடை கூறுவோர்க்கு

கையால் பிரித்தால் நாளாகும், கூலி கூடும் என்பது பொதுவாகக் கூறப்படும் தடை. நாளாகும் என்பது மெய். ஆனால் கூலி ஊராருக்குப் போகிறது. வண்டி வாடகையோ ஊரை விட்டு வெளியேறுகிறது. கலந்த குவியலை எவரும் விலைகொடுத்து வாங்குவதில்லை. பிரித்து அடுக்கியதை வாங்க ஆள் வருகிறார். கூலியை ஒரு தட்டிலும், மீண்ட பொருளின் விலை, அகற்றும் செலவில் மிச்சம், வாங்க வேண்டாத புதுச் செங்கல் ஆகியவற்றை மறு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும். சிமெண்டு மிகுந்த சுவரில் கூலி மீளாது போகலாம். அங்கே இயந்திரத்தை அழையுங்கள். சுண்ணாம்பிலும் மண்ணிலும் எழுந்த ஓட்டு வீட்டில் பெரும்பாலும் நட்டம் வராது.

பழைய பொருளில் கட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று எண்ணுவோரும் உண்டு. அந்நம்பிக்கையை நாம் ஏளனம் செய்யவில்லை. அத்தகையோர் தம் வீட்டுப் பொருளைக் கிடங்குக்குத் தரட்டும். கட்டுத்தரைக்கும் உறிஞ்சு குழிக்கும் பாதைக்கும் அப்பொருள் போகும். அவற்றுக்கு எந்தத் தோஷமும் இல்லை.

அன்பர்களே! முகாமிலிருந்து திரும்பியவுடன், உங்கள் ஊராட்சியில் இவ்வாண்டு எடுக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்தக் காரையில் கட்டியது, எவ்வளவு ஓடு, எவ்வளவு மரம், எத்தனை கல் தேறும் என்று கொத்தனாரை உடன்வைத்துக் குறியுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் சிவப்பு மையில் குறியுங்கள். அப்பட்டியல் அடுத்த மாதக் கூட்டத்துக்குள் ஒன்றிய அலுவலகம் வந்து சேரட்டும். ஏல அறிவிப்பு எவ்வாறு எழுதுவது, கிடங்குக்கு எந்த மனை ஏற்றது என்பவற்றை உங்களோடு அமர்ந்து முடிவு செய்ய எங்கள் பொறியாளர்களும் மேற்பார்வையாளர்களும் காத்திருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் நம் ஒன்றியத்துப் பள்ளங்களில் ஒரு வண்டி இடிபாடும் புதிதாக விழாமல் பார்த்துக்கொள்வோம்.